கல்லில் வெட்டக் கூடாத சொல்

ஹெல்ம்ராய்ட், யார்க்‌ஷர்
7 ஏப்ரல் 1983

கிளைவ்,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன்.

பாதிரியார் பிம் இன்று மத்தியானம் வந்தார். ஈரக் காலணியோடு முன்னறைக் கம்பளத்தில் நின்றுகொண்டு, தொப்பியை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். டீ கொடுத்தேன். பிஸ்கட்டும் வைத்தேன்.

“மிஸஸ் க்ராப்ட்ரீ, கல்லறைக் கல்லு விஷயமா ஒரு ஆட்சேபணை வந்திருக்குங்க” என்றார்.

“யாருங்க அந்தப் புண்ணியவான்?”

“அது… உங்க பையன்தாங்க.”

பிஸ்கட் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? ஆனால் அந்த நேரத்தில் யார்மீதாவது கோபத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

உன் அப்பாவைப் புதைத்து ஆறு மாதம் ஆகிறது. மண் அமரட்டும் என்றார்கள், காத்திருந்தேன். கருப்புப் பளிங்கு கூடாது என்றார்கள், சரி என்றேன். புகைப்படம் கூடாது என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன். நான் கேட்டது பெயருக்குக் கீழே இரண்டே வரி. ‘பாட வராது. அதுக்காக விட்டதில்ல.’ கல்தச்சர் ஆக்டன் அதைக் கேட்டுவிட்டு உளியைக் கீழே வைத்துச் சிரித்தார். அப்புறம் மூக்கைச் சிந்தினார். அவரும் உன் அப்பா டிக்கெட் கிழித்த பஸ்ஸில் போய்வந்தவர்தானே.

பாதிரியார்தான் முதலில் இழுத்தார். அந்த வரிகளில் ‘வராது’க்கு நாம் சொல்லும் ‘குட்ன்ட்’ என்ற சுருக்கத்தை ‘குட் நாட்’ என்றும், ‘விட்டதில்ல’வில் வரும் ‘டிட்ன்ட்’ என்பதை ‘டிட் நாட்’ என்றும் விரித்துப் போடலாமே, கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு அதுதானே அழகு என்றார். ஒரு தாளில் எழுதியும் காட்டினார்: ‘இவரால் பாட இயலாது; எனினும் அக்காரணம் பற்றி இவர் பாடுதலைக் கைவிட்டாரில்லை.’ உன் அப்பா இதைக் கேட்டிருந்தால் மணியை இழுத்து வண்டியை நிறுத்தி, பாதிரியாரை மழையில் இறக்கிவிட்டிருப்பார். நான் மசியவில்லை. சரி, கதவில் ஒட்டுவோம், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். வழக்கம்போல் கோயில் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மரியாதைக்கு உனக்கும் ஒரு நகல் அனுப்பினேன்; இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து நீ குரைத்தாய்.

‘இறந்தவரின் மாண்புக்குப் பொருந்தாத கொச்சை நடை.’ இது உன் எழுத்து. பாதிரியார் படித்துக் காட்டினார். இந்தக் கொச்சையில்தான் உன்னைத் தாலாட்டினோம்.

தொலைபேசியில் கூப்பிடாதே. மணி அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

அம்மா


ஃபார்ன்டன், சர்ரே
11 ஏப்ரல் 1983

அன்புள்ள அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் நிதானமாகப் பதில் எழுத முயல்கிறேன்.

நான் அப்பாவை இழிவுபடுத்தவில்லை. அவரை இழிவிலிருந்து காக்கவே எழுதினேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கற்பிக்கும் பாடம் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் நெருங்கும்போது நடுவில் ஓர் எழுத்து விழும்; விழுந்த இடத்தில் மேலே ஒரு குறி இட வேண்டும். ‘வில் நாட்’ மட்டும் யாருக்கும் அடங்காமல் ‘ஓன்ட்’ ஆகும். அதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பிறகு, எங்கே சுருக்கலாம், எங்கே கூடாது என்பதையும் சொல்கிறேன். பேச்சில் சுருக்கலாம். நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் சுருக்கலாம். சட்டத்தில் கூடாது, விண்ணப்பத்தில் கூடாது, நிலைத்து நிற்க வேண்டிய எதிலும் கூடாது. கல்லைவிட நிலைப்பது எது? முந்நூறு ஆண்டுகள் நிற்கப்போகும் ஒன்றில் வீட்டுச் செருப்போடு போய் நிற்கலாமா?

அப்பாவுக்குப் பாட வராது என்பது ஊரறிந்தது. அதைக் கல்லிலும் வெட்டினால் வழியில் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

‘அன்பான கணவர், அருமைத் தந்தை’ என்று வெட்டலாம். செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன்.

தங்கள் அன்பு மகன்,
கிளைவ்


ஹெல்ம்ராய்ட்
14 ஏப்ரல் 1983

கிளைவ்,

உன் பாடத்தைப் படித்தேன். நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் சுருக்கலாமாம். நீ எனக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு சொல்லைக்கூடச் சுருக்கவில்லை. வக்கீல் நோட்டீசுக்கும் அதற்கும் தபால்தலை மட்டும்தான் வித்தியாசம். அப்படியானால் நான் உனக்கு யார்?

சுருக்கிப் பேசுவதை என்னவோ குளிக்காமல் வருவதுபோல் எழுதியிருக்கிறாய். உன் அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் நடத்துனர். மேல்தளமும் கீழ்த்தளமும் நிறைந்த வண்டியில், சிகரெட் புகையில், மில் விட்ட சனத்துக்கு நடுவில் நின்று கத்த வேண்டும். அவர் உன்னைப்போல் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தால், சொல்லி முடிப்பதற்குள் வண்டி மூன்று நிறுத்தம் தாண்டியிருக்கும். ‘தயவுகூர்ந்து உள்ளே நகர்வீர்களாக’ என்று சொல்லிப் பாரேன். எவனாவது நகருவானா? அதட்டாமல், வையாமல், பாட்டாலேயே அந்தக் கூட்டத்தை நகர்த்தினவர் அவர். சுருதி இல்லை, தாளம் இல்லை. ஆனாலும் ஏற்றத்தில் வண்டி முக்கும்போது அவர் ஒரு கீர்த்தனையைப் பிடித்தார் என்றால், கிழவிகள்கூடச் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் கொடுப்பார்கள்.

‘அன்பான கணவர், அருமைத் தந்தை.’ தூ. அந்தத் தோட்டத்தில் போய்ப் பார். பெண்டாட்டியை அடித்தே கொன்ற கசாப்புக்காரன் வால்ஷுக்கும் அதுதான் போட்டிருக்கிறது. அந்தக் கல் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் காறித் துப்பத் தோன்றும். கோயில் தோட்டம் என்பதால் விழுங்கிவிடுகிறேன்.

துக்கச் சாப்பாட்டன்று நீ செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் சித்தி டோரிஸ் பாவம், கையில் ஹாம் சாண்ட்விச்சோடு வந்து, “நல்ல கூட்டம்ல, கிளைவு?” என்றாள். நீ, “‘நல்ல கூட்டம் அல்லவா’ என்று சொல்ல வேண்டும், சித்தி” என்றாய். சவப்பெட்டி மேல் போட்ட மண் காயவில்லை. அவள் அந்த சாண்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கே உன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். எட்டவில்லை, நீ உயரமாக வளர்ந்துவிட்டாய்.

விஷயம் கோயில் வழக்குகளைத் தீர்க்கும் மறைமாவட்ட நீதிபதியிடம் போகிறதாம். போகட்டும். எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் என் வாயால் நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த இரண்டு வரி இல்லாமல் அவர் தலைமாட்டில் எந்தக் கல்லும் நிற்காது.

அம்மா


ஃபார்ன்டன்
22 ஏப்ரல் 1983

அம்மா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நான் உதவித்தொகை வாங்கி அந்தப் பெரிய பள்ளியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பரிசளிப்பு விழா. எனக்கு ஆங்கிலத்துக்குப் பரிசு. நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள், அப்பா மட்டும் வந்தார், வேலைச் சீருடையிலேயே. கடைசிப் பாட்டு முடிந்தது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் இன்னொரு சரணம் இருப்பதாக நினைத்துக்கொண்டு உச்சக் குரலில் பாடினார். தனியாக. முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. முதலில் பையன்கள் சிரித்தார்கள், அப்புறம் தாய்மார்கள், கடைசியில் மேடையில் இருந்த தலைமையாசிரியர். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் லத்தீன் வகுப்பில் அந்த ஆசிரியர் நம் ஊர்ப் பேச்சில் பேசிக் காட்டினார். “பாட வர்லியேப்பா உங்கப்பனுக்கு, வர்லியே?” மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். வகுப்பு அதிர்ந்தது. அன்று முதல் எனக்குப் பெயர் ‘குட்ன்ட்’. ‘வராது’ என்று பெயர். குட்ன்ட் க்ராப்ட்ரீ. கிரிக்கெட் பலகையில் அப்படித்தான் எழுதினார்கள். என் மேசையில் கத்தியால் செதுக்கினார்கள். பள்ளியை விட்டுப் போகும்வரை யாரும் என்னை வேறு பெயரால் கூப்பிடவில்லை.

என் வாயிலிருந்து ஒரு சுருக்கச் சொல்கூட வரக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். இன்றுவரை வரவில்லை. என் மனைவி கேலி செய்கிறாள், என் மாணவர்களும் செய்கிறார்கள். செய்யட்டும்.

இப்போது நீ அதே சொல்லை, அதே குறியோடு, நம் குடும்பப் பெயருக்குக் கீழே கல்லில் வெட்டப்போகிறாய். நான் உன்னை வேண்டிக் கேட்கிறேன். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டு. அதை வெட்டாதே அம்மா.

கிளைவ்


ஹெல்ம்ராய்ட்
3 மே 1983

கிளைவ்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நான் ஒன்றும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த லத்தீன்காரன். அவன் இன்னும் உயிரோடு இருக்கிறானா? இருந்தால் விலாசம் அனுப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தி அவன் அப்பனைக் கொண்டே அடிப்பவனை மனிதக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்படிப்பட்டவனைப் பார்த்து நீ அவன் பேச்சைக் கற்றுக்கொண்டாயே என்பதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அடித்தவன் கையிலிருந்த பிரம்பை வாங்கி டோரிஸை அடித்திருக்கிறாய்.

சரி. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நீ அந்தப் பள்ளியில் படித்த காலத்தில் உன் அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை. பஸ்ஸின் மேல்தளப் புகை என்றார். பாட்டு நின்றுபோனது, வீட்டிலும்தான். நான் வருஷக்கணக்காகக் காலையில் தேனும் வினிகரும் கலந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். நீ கல்லூரிக்குப் போன வருஷம் குரல் திரும்பியது. என் வினிகர்தான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பத்துப் பேருக்காவது அதைக் குடிக்கச் சொல்லியிருப்பேன். உன் கடிதம் வரும்வரை அதை நான் சந்தேகப்படவே இல்லை.

சிரில் பூத்தைப் பார்க்கப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவின் வண்டியை ஓட்டினவர். நுரையீரல் போய்விட்டது, நாற்காலியிலேயே கிடக்கிறார். விசாரித்தேன். முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை.

“விடேன் வின்னி, போன மனுஷன் போயாச்சு.”

“தொண்டை வலியா அது? உண்மையச் சொல்லு சிரில்.”

“தொண்டையாவது வலியாவது. எருமை மாதிரி இருந்தான்.” கொஞ்ச நேரம் இருமினார். அப்புறம் சொன்னார். “ஒரு நாள் சாயங்காலம் அந்த ஸ்கூல் பசங்க ஏழெட்டு பேரு மேல ஏறினானுங்க. உன் பையனை நடுவுல உக்கார வெச்சு, அந்தப் பேரச் சொல்லிச் சொல்லி சீட்டத் தட்டுனானுங்க. எனக்கே முன்னாடி கேட்டுச்சு. ஆர்னால்ட் கீழ இருந்து வழக்கம் போல பாடிக்கிட்டே டிக்கெட் குடுக்க மேல போனான். பாட்டு பாதியில நின்னுபோச்சு.”

“ஏன்?”

“கிளைவு அவன பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டானாம். தெரியாத ஆளப் பாத்தா மாதிரி. ஆர்னால்ட் அவனுக்கும் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு எறங்கி வந்தான். டெப்போ வர்ற வரைக்கும் பேசல. அப்புறம், ‘சிரில், பய படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் பாட மாட்டேன்டா’ன்னான். ‘வின்னிட்ட சொல்லிராத, அவ ஸ்கூலுக்கே போயி சண்டைக்கு நிப்பா’ன்னான்.”

நின்றிருப்பேன்தான்.

உன் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு, முதல் வண்டியிலேயே, ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே பாட ஆரம்பித்துவிட்டாராம். பாலம்வரை நிறுத்தவில்லையாம். வண்டியிலிருந்த மொத்தப் பேரும் கைதட்டினார்களாம். அதைச் சொல்லும்போது சிரில் அழுதார். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அந்த லத்தீன்காரன்மீது, ஜன்னல் பக்கம் திரும்பிய உன்மீது, ஒன்றும் தெரியாமல் வினிகர் கலக்கிக்கொண்டிருந்த என்மீது.

நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இனிமேல் நீதிபதியிடம் என்ன சொல்வாயோ சொல்லிக்கொள்.

அம்மா


ஃபார்ன்டன்
6 மே 1983

அம்மா,

என் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இன்று காலைத் தபாலில் மறைமாவட்டத்துக்கு எழுதிவிட்டேன். இனி உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அந்த பஸ் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் எனக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார் என்பது ஞாபகம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஞாபகம் இருக்கிறது.

தொண்டை வலி என்றுதான் நானும் நம்பினேன். நிஜமாக நம்பினேன். பரீட்சைக்கு வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் வரி இருக்கட்டும். ‘பாட வராது.’ வெட்டுங்கள், சுருக்கியே வெட்டுங்கள், அந்தக் குறியோடு. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், நான் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது வரி வேண்டாம். அது உண்மை இல்லை. அவர் விட்டார். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் என்று தெரிந்த பிறகு அதைக் கல்லில் வெட்டலாமா?

என்னால் அதைப் படிக்க முடியாது அம்மா.

கிளைவ்


ஹெல்ம்ராய்ட்
20 ஜூன் 1983

கிளைவ்,

கல் போன வியாழக்கிழமை நின்றுவிட்டது. வெறும் சாம்பல் கல்தான், மழை பட்டுக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. எழுத்து ஆழமாக விழுந்திருக்கிறது. ஆக்டன் ஆறு பேரை வைத்துத் தூக்கி வந்தார். பாதிரியார் குடை பிடித்தார். நல்ல மனிதர், அவரை நான் கொஞ்சம் அதிகமாகத்தான் திட்டிவிட்டேன். பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பற்றி ரொம்ப யோசித்தேன். ஆக்டன் உளியை எடுக்கும் முன் வந்து, “ரெண்டாவது வரி வேணாமாமே, வின்னி?” என்று கேட்டார். நீ அவருக்கும் எழுதியிருக்கிறாய். கேட்காமல் எழுதும் பழக்கம் உன்னை இன்னும் விடவில்லை. ஒரு நாள் டைம் கொடு என்றேன். இரவெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய், நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து கெட்டிலை வைத்தேன். பால்காரர் சந்தில் சீட்டி அடித்துக்கொண்டு போனார். போய் ஆக்டனிடம் இரண்டையும் வெட்டு என்றேன்.

பொய்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் அது உன் அப்பா சொன்ன பொய். அத்தனை வருஷம் காலையில் வினிகரைக் குடித்துக் குடித்து அவர் காப்பாற்றிய பொய். இந்த ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் நினைத்ததை, நான் ஒரு வரியை விட்டுவிட்டு ஊருக்கே காட்டிக்கொடுக்க மாட்டேன். கோயில் கதவில் இரண்டு வரியையும் படித்த ஊர் இது, இன்னொன்று எங்கே என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கேட்டால் உன் பெயர் வரும். அவர் உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடினார், நான் அதைக் கெடுக்கப்போவதில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அது வேறு விஷயம்.

நீ சொன்னது நடந்தது. சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேர் நின்று படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, “ஐயோ, எங்க வீட்டு ஆளேதான்!” என்றாள். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோடை விடுமுறையில் வா. உன் மனைவியையும் கூட்டி வா. டோரிஸிடம் முதலில் போய் மன்னிப்புக் கேள், அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறு.

அப்புறம் தோட்டத்துக்குத் தனியாகப் போ. அந்த வரி பொய் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர். சிரில் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் எழுபத்தொன்று ஆகிறது. கல் முந்நூறு வருஷம் நிற்கும் என்று நீயே எழுதினாய். நாங்கள் போன பிறகு வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படித்துச் சிரித்து, ஆமாம், இந்த ஆள் ஒரு நாளும் விட்டவர் இல்லை என்று நம்பிக்கொண்டு போவான். நீ ஒருவன் மட்டும்தான் அதை நம்ப முடியாமல் படிப்பாய்.

அம்மா